மழை ஓய்ந்தது, நாள் ஓய்ந்தது

மழை ஓய்ந்தது என்கிறோம். மழை களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது என்று யாரும் பொருள்கொள்வதில்லை. பெய்தது, நின்றது, அவ்வளவுதான். காற்று ஓய்கிறது, அலை ஓய்கிறது, அழுகை ஓய்கிறது, சந்தை இரைச்சல் ஓய்கிறது. தொல்காப்பிய உரியியல் ஓய்தல் என்ற சொல்லை ஆய்தல், நிழத்தல், சாய்தல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் வைத்து, உள்ள ஒன்று நுணுகிப் போவதே அதன் பொருள் என்கிறது. மனிதரைச் சுட்டும்போதுதான் இந்தச் சொல்லில் களைப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது: அலைந்து அலைந்து ஓய்ந்துபோனேன். பிறகு அலுவலகம் அதை எடுத்துக்கொண்டது. ஓய்வு பெற்றார், ஓய்வூதியம், ஓய்வறை, ஓய்வு நேரம். இன்று ஓய்வு என்றதும் கண்முன் வருவது சாய்வு நாற்காலிதான்.

கிறிஸ்தவத் தமிழில் 'ஓய்வுநாள்' என்றொரு பெயர் இருக்கிறது. அதைச் சாய்வு நாற்காலியின் பொருளில் படித்தால் வேதத்தின் பாதி விளங்காது. மழை ஓய்ந்த பொருளில் படிக்க வேண்டும். மூலமொழியும் அப்படித்தான் சொல்கிறது. எபிரேயத்தில் 'ஷாபத்' என்ற வினைக்கு நின்றுவிடுதல், செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுதல் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது 'ஷப்பாத்' என்ற பெயர். களைப்பு அந்த வேரில் இல்லை. படைப்புக் கதையில் கடவுள் ஏழாம் நாளில் செய்வது இதைத்தான். அவர் களைத்ததாக அங்கே ஒரு சொல்லும் கிடையாது. செய்ய நினைத்ததைச் செய்து முடித்தார், நிறுத்தினார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஆதியாகமத்தின் இரண்டாம் அதிகாரத்தில் அந்த வினைதான் வருகிறது, பெயர் வருவதில்லை. ஏழாம் நாள் என்று மட்டுமே இருக்கிறது. ஷப்பாத் என்ற பெயரை வேதத்தில் முதன்முதலாகப் பார்க்க யாத்திராகமம் 16ஆம் அதிகாரம் வரை, அதாவது வனாந்தரத்தில் மன்னா விழும் கதை வரை, காத்திருக்க வேண்டும். அங்கே அது எந்தச் சூழலில் வருகிறது? சமையலில். ஆறாம் நாள் இரட்டிப்பாகப் பொறுக்கிவந்திருக்கிறார்கள். சுடவேண்டியதைச் சுட்டு, வேகவைக்கவேண்டியதை வேகவைத்து, மீதியை மறுநாளைக்கு எடுத்துவையுங்கள், நாளைக்கு ஷப்பாத் என்று மோசே சொல்கிறார். சீனாய் மலையின் இடிமுழக்கத்துக்கு முன்பே இது நடந்துவிடுகிறது. பத்துக் கட்டளைகள் வருவது அதற்கும் நான்கு அதிகாரங்கள் தள்ளி. ஒரு புனிதப் பெயர் முதலில் அடுக்களைக் கட்டளையாக வந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை.

பெயருக்குப் பொருள் தெரியாதவர்கள் தங்கள் விருப்பப்படி பொருள் கட்டினார்கள். லத்தீன் சபைப் பிதாக்களில் ஒருவரான லாக்டான்சியுஸ், ஏழு என்ற எண்ணிலிருந்து வந்த பெயர் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எபிரேயத்தில் ஏழைக் குறிக்கும் 'ஷேவா' தொண்டையடியில் பிறக்கும் ஓர் எழுத்தில் முடிகிறது. அந்த வேர் வேறு, இந்த வேர் வேறு. புளூட்டார்க்கின் விருந்துப் பேச்சில் ஒருவர் இதை டயோனிசஸ் பக்தர்கள் எழுப்பும் கூச்சலோடு முடிச்சுப்போடுகிறார். அலெக்சாண்டிரியாவின் அப்பியோன் எல்லோரையும் மிஞ்சினார். எகிப்திலிருந்து ஓடிவந்த யூதர்களுக்கு ஆறுநாள் நடையில் தொடையிடுக்கில் கட்டி வந்ததாம், ஏழாம் நாள் உட்கார்ந்துவிட்டார்களாம், எகிப்திய மொழியில் அந்த நோய்க்கு உள்ள பெயரையே அந்த நாளுக்கு வைத்தார்களாம். ஆறுநாள் நடந்த அத்தனை பேருக்கும் ஒரே இடத்தில் கட்டி வருமா என்று யோசேப்பு என்ற யூத வரலாற்றாசிரியர் முதல் நூற்றாண்டில் வரிந்துகட்டிக்கொண்டு பதில் எழுதினார். எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு எல்லா வேலையையும் நிறுத்துதல் என்பதே பொருள் என்று முடித்தார். கேலிக்காகக் கட்டப்பட்ட சொல்லாராய்ச்சிக்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டுகள் அதிகம் இருக்காது.

ஆராய வேண்டிய உறவு ஒன்று பாபிலோனில் இருக்கிறது. அக்காடிய மொழியில் 'ஷபத்து' என்று ஒரு நாள். மாதத்தின் 15ஆம் நாள், முழுநிலா நாள். பழைய சொல்பட்டியல் ஒன்று அதற்கு 'நெஞ்சம் தணியும் நாள்' என்று பொருள் எழுதுகிறது. தணிய வேண்டியது தெய்வத்தின் நெஞ்சம் என்று அறிஞர் கொள்வர். எபிரேயப் பெயருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. ஒரு வேறுபாடு மட்டும் தெளிவு. பாபிலோனிய நாள் நிலாவைப் பார்த்து வருவது. இஸ்ரவேலரின் நாள் எந்தக் கோளையும் பார்ப்பதில்லை. நிலா வளர்ந்தாலும் தேய்ந்தாலும் ஆறை எண்ணி, ஏழில் நிற்கும்.

பெயர் ஊர்விட்டு ஊர் போனபோது நடந்ததுதான் வேடிக்கை. அரமேயம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் 'சப்பாதா' ஆயிற்று. பன்மை போல ஒலித்ததாலோ என்னவோ, அதுவே ஒரு வாரம் முழுவதையும் குறிக்கத் தொடங்கியது. லூக்கா எழுதும் உவமையில் பரிசேயன் வாரத்தில் இருமுறை உபவாசம் இருப்பதாகச் சொல்லும்போது மூலத்தில் இருப்பது இந்தச் சொல்தான். லத்தீனில் 'சப்பாதும்', அதிலிருந்து இத்தாலியத்தில் 'சாபாத்தோ', ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் 'சாபதோ'. இடையில் ஒரு மகரம் நுழைந்த வடிவமும் உலவியது. பிரெஞ்சின் 'சம்தி', ஜெர்மனின் 'சாம்ஸ்டாக்', ஹங்கேரியின் 'சொம்பத்' எல்லாம் அந்தக் கிளை. அரபியில் 'சப்த்', இந்தோனேசியாவில் 'சப்து', ரஷ்யாவில் 'சுப்போத்தா'. பாரசீகத்தில் 'ஷன்பே'. பாரசீகர் அதை முதற்புள்ளியாக வைத்து மற்ற நாட்களை எண்ணினார்கள்: ஒன்று ஷன்பே ஞாயிறு, இரண்டு ஷன்பே திங்கள். தஜிகிஸ்தான் தலைநகர் துஷன்பேயின் பெயர் இந்தத் திங்கள்தான். திங்கட்கிழமை சந்தை கூடிய ஊர். ஓய்வுநாளின் பெயர் கடைசியில் ஒரு சந்தைநாளின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது!

ரோமர்களுக்கு அந்த நாள் வேறு பெயரில் அறிமுகமானது. கோள்களின் பெயரில் நாட்களை எண்ணும் வழக்கம் பரவியபோது, யூதர் ஓயும் நாள் சனிக்கோளின் நாளோடு பொருந்தியது. யூதர்கள் சனியை மதிப்பதால்தான் அன்று சும்மா இருக்கிறார்கள் என்று சிலர் சொல்வதாகத் தாசிதுஸ் எழுதிவைத்தார். வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்குகிறார்கள் என்று செனெக்கா குறைப்பட்டதை அகுஸ்தீன் எடுத்துச் சொல்கிறார். எபிரேயத்தில் நடந்தது தலைகீழ்: கோளைப் பார்த்து நாளுக்குப் பெயர் வைக்காமல், நாளைப் பார்த்துக் கோளுக்கு 'ஷப்தாய்' என்று பெயரிட்டார்கள். நம் பக்கத்துச் 'சனி' வடமொழியில் 'மெல்ல நடப்பவன்' என்ற பெயரோடு தொடர்புடையவன். மந்தன் என்றும் அவனுக்குப் பெயர். சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய 29½ ஆண்டு எடுத்துக்கொள்பவனை வேறு எப்படி அழைப்பது? காரி என்பது அவனுடைய பழந்தமிழ்ப் பெயர். திருநள்ளாற்றில் அவனை வணங்குகிறவர்களுக்கும் எருசலேமில் சனிக்கிழமை கடையடைக்கிறவர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை. வானத்தில் மட்டும் இருவரும் ஒரே நிதானமான புள்ளியைப் பார்த்திருக்கிறார்கள்.

கிறிஸ்தவர்கள் கூடும் நாள் இதற்கு அடுத்த நாள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் எழுதும்போது, சூரியனின் நாள் என்று மக்கள் சொல்லும் நாளில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதாக விவரிக்கிறார். அது உயிர்த்தெழுதலின் நாள், கர்த்தருடைய நாள். கூடும் நாள்தான், ஓயும் நாள் அல்ல; அடிமைகளும் கூலிக்காரரும் நிறைந்த சபை, விடியுமுன்னோ இருட்டிய பின்னோ கூடியிருக்கும். ஓய்வு அதனுடன் சட்டப்படி சேர்ந்தது 321ஆம் ஆண்டு மார்ச்சில். நீதிமன்றங்களும் நகரத்தாரும் தொழிற்கூடங்களும் சூரியனின் நாளில் ஓய வேண்டும் என்று பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆணையிட்டார். உழவருக்கு விலக்கு அளித்தார். விதைப்பும் திராட்சை நடவும் நாள் பார்த்துக் காத்திருக்காதே. அதே நூற்றாண்டில் லவோதிக்கேயா சங்கம், கிறிஸ்தவர்கள் யூதர்களைப் போலச் சனிக்கிழமை சும்மா இருக்கக்கூடாது, அன்று வேலை செய்ய வேண்டும், முடிந்தால் கர்த்தருடைய நாளில் ஓயலாம் என்றது. 'முடிந்தால்' என்ற அந்தச் சொல்லை எழுதியவருக்கு உலகம் தெரிந்திருக்கிறது. எத்தியோப்பியா மட்டும் இரண்டில் ஒன்றை விட மனமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொண்டது. 1450இல் தெப்ரே மித்மாக் சங்கத்தில் அரசர் ஸாரா யாக்கோபு சனி, ஞாயிறு இரண்டுமே ஓய்வுநாள் என்று முடிவு செய்துவைத்தார்.

தமிழுக்கு வருவோம். போர்த்துக்கீசியர் வழியாக வந்த கத்தோலிக்கத் தமிழில் இந்தக் கட்டளைக்குத் 'திருநாள்' என்ற சொல் வந்தது. திருநாட்களைப் பரிசுத்தமாய் அனுசரிக்கச் சொல்லும் மூன்றாம் கற்பனை. பூசை காணும் கடமையுள்ள விழாக்கள் 'கடன் திருநாள்'. அழகான சொல்தான், ஆனால் அதில் நிறுத்தம் இல்லை, கொண்டாட்டம் இருக்கிறது. லூத்தரும் தம் ஞானோபதேசத்தில் ஜெர்மனில் விழாநாள் என்ற பொருளுள்ள சொல்லையே போட்டார். தரங்கம்பாடியில் 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கில் தொடங்கி, வேப்பேரி பப்ரிசியுஸ், 1871இல் வெளிவந்த ஒன்றிணைப்புப் பதிப்பின் போவர் என்று நீளும் புராட்டஸ்டண்டு மொழிபெயர்ப்பு மரபில் நிலைபெற்ற சொல் 'ஓய்வுநாள்'. 1995இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அதையே எடுத்துக்கொண்டது. பஸ்கா, அல்லேலூயா என்று எத்தனையோ சொற்களை அப்படியே விட்டவர்கள் இதைப் பெயர்த்தார்கள். ஓய் என்ற வினையின் பழைய பொருளும் ஷாபத் என்ற வினையின் பொருளும் இப்படி ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வாய்ப்பு எல்லா மொழிக்கும் கிடைக்காது. மற்ற மொழிகளில் பெயர் பிழைத்தது, நிறுத்தம் போய்விட்டது. தமிழில் நிறுத்தம் பிழைத்தது. எந்தக் கிழமை என்பது போய்விட்டது.

அந்த வெற்றிடம் சும்மா இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கில மிஷனரிகள் ஞாயிறையே சபாத்து என்று அழைக்கும் பியூரிட்டன் மரபின் பிள்ளைகள். நிக்கோலஸ் பவுண்டு 1595இல் எழுதிய நூலிலிருந்து தொடர்வது அது. ஆகவே ஓய்வுநாள் ஞாயிறாயிற்று. ஞாயிறு காலையில் சிறுபிள்ளைகள் போவதற்குத் தென்மாவட்டச் சபைகளில் இன்றும் 'ஓய்வுநாள் பள்ளி' என்றுதான் பெயர். தேரிக்காட்டுப் பனையேறிக்கு இது எளிதாய் இருந்திருக்காது. பருவத்தில் பாளையைக் காலையும் மாலையும் சீவியாக வேண்டும்; விட்டால் வெட்டுவாய் காய்ந்து பதநீர் நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை என்று பாளையிடம் யார் சொல்வது? கான்ஸ்டன்டைனின் உழவர் விலக்கு அவனுக்குத்தான் தேவைப்பட்டது.

தென்தமிழ்நாட்டு நாசரேத்தில் உபதேசியாராக இருந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை வேறு கேள்வி கேட்டார். ஓய்வுநாள் ஏழாம் நாள் என்று வேதம் சொல்ல, ஞாயிறு எப்படி ஏழாம் நாளாகும்? மிஷனரி கால்டுவெல் 1849இல் சட்டாம்பிள்ளையின் சாதியாரான சாணார்களை இழித்து எழுதிய நூலுக்கு எழுந்த எதிர்ப்பின் முன்னணியில் நின்றவர் அவர். 1857இல் வெள்ளைக்காரக் குருமாரையும் அவர்கள் பணத்தையும் உதறிவிட்டு, தனிச் சபை கண்டார். பிரகாசபுரத்தில் வேர்கொண்ட அந்த ஏக இரட்சகர் சபை சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்தது. பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகளையும் எடுத்துக்கொண்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் ஊழியர்கள் அந்தப் பக்கம் வந்தபோது, தாங்கள் போதிக்க வந்ததை ஏற்கெனவே அனுசரித்துக்கொண்டிருந்த தமிழர்களைக் கண்டார்கள். சட்டாம்பிள்ளையின் சபையை ஒரு விநோதமாக மட்டும் எழுதிச் செல்வது வழக்கம். எனக்கு அப்படிப் படவில்லை. தம்மை இழித்து எழுதியவர்களின் வாரத்தில் வாழ மறுத்த மனிதர் அவர். மொழிபெயர்ப்பில் விடுபட்ட கிழமையை மூலத்திலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தார்.

உபாகமம் சொல்லும் காரணத்தை இங்கே நினைக்க வேண்டும். யாத்திராகமத்தில் ஓய்வுநாளுக்குக் காரணம் படைப்பு. உபாகமம் 5இல் காரணம் எகிப்து: நீ அடிமையாய் இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய வேண்டும். அடிமைக்கு நிறுத்தும் உரிமை இல்லை. நிறுத்த முடிகிறவன் அடிமை இல்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்கு ஞாயிறு விடுமுறையை நாராயண் மேகாஜி லோகண்டே 1890இல் போராடி வாங்கினார். அவர் ஜோதிராவ் புலேயின் வழிவந்தவர், கிறிஸ்தவர் அல்லர். மராட்டியருக்கு ஞாயிறு கண்டோபா என்ற தெய்வத்தின் நாள். உபாகமத்தின் காரணம் அங்கே வேறொரு வாயிலிருந்து ஒலித்தது.

நிறுத்தினால் என்ன கிடைக்கும்? இதற்கு எபிரேயத்தில் இன்னொரு வினை உண்டு, 'நாஃபஷ்'. மூச்சு, உயிர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது; மூச்சு திரும்பப் பெறுதல் என்று சொல்லலாம். பழைய ஏற்பாடு முழுவதிலும் மூன்றே இடத்தில் வருகிறது. ஓர் இடத்தில் அடிமைப்பெண்ணின் பிள்ளையும் அந்நியனும் ஓய்வுநாளில் மூச்சு பெறுகிறார்கள். ஓர் இடத்தில் அப்சலோமுக்குத் தப்பி ஓடிக் களைத்த தாவீதும் அவன் ஆட்களும். மற்றோர் இடத்தில், யாத்திராகமம் 31இல், கடவுளே. அடிமைப் பிள்ளைக்கும் கடவுளுக்கும் ஒரே வினை. தமிழ் வேதம் கடவுளுக்கு வரும் இடத்தில் 'பூரித்தார்' என்கிறது. நிறைந்து விம்முதல், கெட்ட தேர்வல்ல. ஆனால் வினைக்கு உரிய தமிழ் வேறு இடத்தில் காத்திருந்தது: இளைப்பாறுதல். இளைப்பு என்றால் மூச்சிரைப்பு, நோயின் பெயரும் அதுதான். அது ஆறுவது இளைப்பாறுதல். வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு அழைக்கும் இடத்திலும், சாப்பிடக்கூட நேரமில்லாமல் அலைந்த சீடர்களைத் தனித்த இடத்துக்குக் கூட்டிப்போகும் இடத்திலும் தமிழில் இந்தச் சொல்தான். எபிரெயர் நிருபம் நான்காம் அதிகாரத்தில் கிரேக்க மூலம் சப்பாத்து என்ற பெயரையே கொண்ட ஒரு சொல்லை வைக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அங்கேயும் ஓய்வை விட்டு இளைப்பாறுதலுக்குப் போய்விடுகிறது. முதலில் ஓய்தல், பிறகு இளைப்பாறுதல். ஓயாதவனுக்கு இளைப்பு எப்படி ஆறும்?

கத்தோலிக்கத் தமிழ் இந்த இரண்டையும் தாண்டி மூன்றாவது சொல்லொன்றை வைத்திருக்கிறது. சில நாள் ஊரைவிட்டு, பேச்சைவிட்டு, ஜெபத்தில் இருப்பதற்கு 'ஞான ஒடுக்கம்' என்று பெயர். 1548இல் பாப்பரசரின் ஒப்புதல் பெற்ற இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளை ஒட்டி வளர்ந்த வழக்கம் அது. இப்போது 'தியானம்' என்ற சொல் அதை ஓரங்கட்டிவருகிறது, எனக்கு வருத்தம்தான். ஒடுக்கம் சைவ சித்தாந்தத்தின் கனமான சொல். உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. சித்தர் அடங்கிய இடத்தையும் ஒடுக்கம் என்பர். அந்தச் சொல்லைத் தயங்காமல் எடுத்து ஒரு வாரத் தனிமைக்கு வைத்தவருக்குத் தமிழ்க் காது இருந்திருக்கிறது. ஒடுக்குமுறை, ஒடுக்கப்பட்டோர் என்ற இன்றைய சொற்களின் நெருக்கம்தான் அதை உச்சரிக்கத் தயங்க வைக்கிறதோ என்னவோ. பிறர் ஒடுக்குவது வேறு, தானே ஒடுங்குவது வேறு என்று வினையே சொல்லும்.

இன்றைய தமிழ்ச் சபையின் ஞாயிறு எப்படி இருக்கிறது? முதல் ஆராதனை, இரண்டாம் ஆராதனை, ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழுப் பயிற்சி, கமிட்டிக் கூட்டம், வாலிபர் கூட்டம், மாலை ஆராதனை. சபைப் போதகரான ஐயர் திங்கட்கிழமைதான் வீட்டில் படுக்கிறார். கறிக்கடையில் விடியற்காலையிலேயே கூட்டம். ஆராதனை முடிந்து வருகிறவர்களுக்குக் குழம்பு கொதித்திருக்க வேண்டும். ஆகவே வீட்டில் ஒருத்தி மற்ற நாளைவிட ஒரு மணிநேரம் முன்னதாக எழுகிறாள். இதற்கு வேதத்தில் இடமில்லை என்று சொல்லவும் முடியவில்லை. கட்டளை யார் யார் ஓய வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: நீ, மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, அந்நியன். மனைவி என்ற சொல் அதில் இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்று உரைகாரர் சொல்வர்; இருக்கலாம். மாற்குவின் முதல் அதிகாரத்தில் ஓய்வுநாளன்று ஜெப ஆலயத்திலிருந்து நேரே சீமோன் வீட்டுக்கு வருகிறார்கள். காய்ச்சலாய்க் கிடந்த மாமியை இயேசு தூக்கிவிடுகிறார். காய்ச்சல் போன கையோடு அவள் எழுந்து எல்லோருக்கும் பணிவிடை செய்கிறாள்.

யூத வீடுகள் இதற்கு ஒரு வழி கண்டன. மன்னா கதையில் சொன்னபடியே, வெள்ளிக்கிழமை அந்திக்குள் எல்லாம் சமைத்து முடிந்துவிடும். பயறும் இறைச்சியும் இட்ட பானை இரவெல்லாம் இளஞ்சூட்டில் கிடந்து மறுநாள் தானே பரிமாற வரும். கிரேக்கம் பேசிய யூதர்கள் அந்த வெள்ளிக்கிழமைக்கு 'பரஸ்கெவே' என்று பெயர் வைத்தார்கள், ஆயத்தம் என்று பொருள். கிரேக்க நாட்டில் அஞ்சலகப் பலகையிலும் பேருந்து அட்டவணையிலும் வெள்ளிக்கிழமைக்கு இன்றும் அதுதான் பெயர், ஜார்ஜியாவிலும் அப்படியே. ஓய்வுநாளுக்கு முன்னால் யாரோ ஒருவர் வேலையை முடித்துவைத்தாக வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட கிழமைப் பெயர் இது. தமிழ் வேதத்திலும் 'ஆயத்தநாள்' என்று அச்சாகியிருக்கிறது. பெரிய வெள்ளியன்று, இயேசுவின் உடலை இறக்கும் பகுதியில், அது வாசிக்கப்படும்.